நீராவிக் குழாயும் அதனுள் நிற்கும் நீரும்

கல்லூரியிற் பௌதிகம் பயின்ற ஒவ்வொருவரும் நீராவியின் மறைவெப்பத்தை அளக்கும் சோதனையை ஒருமுறையேனும் செய்திருப்பர். ஒரு கலத்தில் நீர் கொதிக்கும். அதினின்றெழும் ஆவி ரப்பர்க் குழாய் வழியே வந்து, செம்புக் கலோரிமானியிலுள்ள தண்ணீரிற் புகுந்து மறையும். எடையையும் உஷ்ணத்தையும் குறித்துக்கொண்டு கணக்கிட்டால், ஒரு கிராம் ஆவி நீராக மாறுங்கால் ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை விடுகின்றதென்பது விளங்கும். அச்சோதனையில் கொதிகலத்திற்கும் கலோரிமானிக்கும் இடையே ஒரு சிறு கண்ணாடிக் கூடு தொங்குவதை நேயர்கள் நினைவு கூர்வர். வரும் வழியிலேயே குளிர்ந்து நீராய்விட்ட ஆவி அதனடியில் தங்கிவிட, உலர்ந்த ஆவி மட்டும் அப்பாற் சென்று கலோரிமானியை அடையும். மாணாக்கர் அக்கூட்டைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. விடை 540க்குப் பதிலாக 480 என்றோ 450 என்றோ வந்து, ஆசிரியர் சிவப்பு மையாற் சுழித்த பின்னரே பலர் அதனை ஏறிட்டுப் பார்ப்பர். யாம் கல்லூரியை விட்டு நீங்கியபின் பல்லாண்டுகளை ஆலைகளிற் கழித்தோம். அக்கண்ணாடிக் கூட்டின் வேலையை ஆலையிற் செய்யும் இரும்புக் கருவிகளைப் பற்றியும், அவை இல்லாதவிடத்து நேர்வதைப் பற்றியும் இங்கு எழுதப் புகுந்தோம்.

மறைவெப்பம் என்னும் உண்மையை 1760களில் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ஆய்ந்து தெளிந்தவர் ஜோசப் பிளாக் என்னும் பேராசிரியர். அக்காலத்தில் அதே கலாசாலையில் கருவிகளைச் செப்பனிடும் தொழில் செய்துவந்தவரே ஜேம்ஸ் வாட். நூறு டிகிரிச் சூடுள்ள ஒரு கிராம் வெந்நீர் பூச்சிய டிகிரி வரையிற் குளிர்ந்தாலும் 100 கலோரியே தரும். அதே நூறு டிகிரியிலுள்ள ஒரு கிராம் ஆவியோ, உஷ்ணத்தில் ஒரு டிகிரியும் குறையாமல், நீராக மாறும் அக்கணத்திலேயே 540 கலோரியை ஈந்துவிடுகின்றது. சாயத்தொட்டியைக் காய்ச்சுவதற்கும், துணியை உலர்த்துவதற்கும், நெல்லைப் புழுக்குவதற்கும், விடுதிகளில் இரட்டைச் சுவர்ப் பாத்திரங்களிற் சோறு சமைப்பதற்கும் ஆவியைத் தேடுவதன் காரணம் இதுவே. ஆயின் ஆவி தன் வெப்பத்தை ஈவது தான் நீராகும்போதேயன்றி வேறு எப்போதுமன்று. வெப்பத்தை ஈந்த பின்னும் அந்நீர் குழாயினுள்ளேயே நிற்கின்றது. அதனை என் செய்வது என்பதிலேதான் ஆலைக்காரனின் திறமையெல்லாம் அடங்கியிருக்கின்றது.

இட்டலி வார்க்கும் நம் இல்லத்து மகளிர் இதனை நன்கறிவர். கொப்பரையின் மூடியைத் திறக்குங்கால் அதனை நேரே மேலே தூக்காமல், ஒருபுறமாகச் சாய்த்து வாங்குவர். மூடியின் உட்புறத்துத் திரண்டு நிற்கும் நீர்த்துளிகள் இட்டலியின்மேற் சொட்டினால் அது குழைந்துபோகும் அன்றோ? ஆலையின் உலர்த்தும் உருளைக்குள்ளும் இஃதே நிகழ்கின்றது. உருளையின் உட்சுவரில் ஆவி பட்டு நீராகி வழிந்து அடியில் தேங்குகின்றது. தேங்கிய நீர் உலோகத்திற்கும் ஆவிக்கும் இடையே ஒரு திரையாகிவிடும். நீரைவிடக் காற்று இன்னும் பொல்லாதது. வெப்பத்தைக் கடத்தும் ஆற்றலை ஒப்பிட்டால், ஒரு மில்லிமீட்டர்க் கனமுள்ள அசையாக் காற்றுப் படலம் சுமார் 15 மீட்டர்க் கனமுள்ள செம்புச் சுவருக்குச் சமமான தடையாகும். இரவெல்லாம் ஆறிக் கிடந்த குழாயிற் காற்றுப் புகுந்து நிறைந்திருக்கும்; காலையில் அதனை வெளியேற்றாவிட்டால் அழுத்தமானியைப் பார்த்தும் பயனில்லை. மொத்த அழுத்தம் 4 கிலோ இருக்கும் ஆவியிற் காற்று நாலில் ஒரு பங்கு கலந்திருக்குமாயின், உஷ்ணம் 143 டிகிரிக்குப் பதிலாக 133 டிகிரி அளவிலேயே நின்றுவிடும். முள் சரியாகக் காட்டும். துணி மட்டும் உலராது. சாயப்பட்டறை மேஸ்திரி ‘இன்றைக்கு ஆவியில் வீரியம் இல்லை’ என்று கொதிகலத்தாரை வைவதன் இரகசியம் பலகாலும் இதுவாகவே இருக்கக் கண்டோம்.

1986-ஆம் ஆண்டில், ஈரோட்டை அடுத்த ஒரு சாயச்சாலையிற் பராமரிப்புப் பகுதியில் உதவியாளராக யாம் சேர்ந்தோம். விறகெரிக்கும் கொதிகலம் ஒன்று. சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தம். அங்கிருந்து நாலங்குலக் குழாய் ஒன்று சாயத்தொட்டிகளுக்கும் உலர்த்தும் உருளைகளுக்கும் சென்றது. கொதிகலத்தைக் காத்தவர் அறுபதை நெருங்கிய ஒரு பெரியவர். 1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலச் சட்டம் நூற்றாண்டுக்கு மேல் நின்று, 2025-இல் புதிய சட்டத்திற்கு இடங்கொடுத்தது. அப்பழைய சட்டத்தின் கீழ் வழங்கிய இரண்டாம் வகுப்புச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு அவர் கொதிகலச் சுவரில் மாட்டியிருந்தார். எம்மைத் ‘தம்பி’ என்பார். பள்ளிப்படிப்பு அவருக்கு அதிகமில்லை. ஆயினும் யாம் கல்லூரியிற் கற்றதற்கும் அவர் கையாற் கற்றதற்கும் எங்கும் முரண்பாடு கண்டிலோம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் பெருவால்வைத் திறக்கும் முறையை யாம் பன்முறை நின்று பார்த்திருக்கின்றோம். முதற்கண் குழாயின் தாழ்ந்த கோடியிலுள்ள வடிகுழாயைத் திறந்துவிடுவார். இரவு நின்ற நீர் ஓடித் தீரும். பின்பு பெருவால்வின் சக்கரத்தைக் கால் சுற்று மட்டுமே திருப்பிவிட்டுக் கைகட்டி நிற்பார். வடிகுழாயிலிருந்து முதலிற் காற்றும், பிறகு வெந்நீரும், பிறகு நீரும் ஆவியுமாகக் கலந்த சளசளப்பும், இறுதியில் உலர்ந்த ஆவியின் சீறலும் வரும். சீறல் வந்த பின்னரே சக்கரம் மீண்டும் அசையும். இதற்கு அரைமணி நேரம் பிடிக்கும். மேஸ்திரிகள் முணுமுணுப்பர், பெரியவர் செவிசாய்க்க மாட்டார். “கொளாய்க்குள்ள தண்ணி நிக்கறப்ப ஆவிய உடப்படாதுங்க தம்பி. அது எரும மாட்டத் தட்டி எழுப்பற மாதிரி” என்று ஒருநாள் எம்மிடம் கூறினார்.

அவர் பொறுமையின் அளவை யாம் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தோம். நாலங்குல இரும்புக்குழாய் மீட்டருக்குச் சுமார் 16 கிலோ எடையுள்ளது. நூறு மீட்டர்க் குழாயை 30 டிகிரியிலிருந்து 170 டிகிரிக்குச் சூடேற்றுவதற்கு மட்டுமே 50 கிலோவுக்கு மேற்பட்ட ஆவி நீராகிவிட வேண்டும். மூன்று குடம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு துணியையும் உலர்த்துமுன், ஒரு தொட்டியையும் காய்ச்சுமுன், காலைதோறும் அம்மூன்று குடத் தண்ணீர் அக்குழாயினுள்ளே பிறக்கின்றது. விரைந்து திறந்தால் அத்தனையும் ஒருங்கே பிறக்கும். மெல்லத் திறந்தாற் சிறிது சிறிதாகப் பிறந்து வடிந்துபோகும்.

இரண்டாண்டு கழித்து முதலாளியார் ஆலையை விரித்தார். வண்டிப்பாதைக்கு அப்பால் புதிய கொட்டகை எழுந்தது. அங்கு ஓர் உலர்த்தும் இயந்திரம் வந்தது. குழாய் போடும் ஒப்பந்தக்காரர் நாலங்குலக் குழாயினின்று மூன்றங்குலக் கிளையொன்றை எடுத்து, பாதையின்மேல் வண்டிகள் இடிபடாதவாறு உயரத் தூக்கி, அப்பாற் கொட்டகையின் கூரைச் சட்டங்களில் தொங்கவிட்டுச் சென்றார். வேலை பத்தே நாளில் முடிந்தது. குழாய்க்கு வெள்ளி வர்ணமும் பூசினர். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. பெரியவர் அதனை ஒருமுறை கோடி முதல் கோடி வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்துவந்து, கொட்டகை வால்வுக்கு முன்னால் ஒரு வடிகுழாய் வேண்டுமென்று மேலாளரிடம் கேட்டார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடை வந்தது. அடுத்த மாதமும் கேட்டார். அப்பொழுதும் அதே விடை.

1988-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், வார விடுமுறை கழிந்த மறுநாள் விடியலில், வழக்கம்போற் கொதிகலப் பக்கத்து நீரையெல்லாம் வடித்துவிட்டுப் பெருங்குழாய்க்கு ஆவி கொடுத்த பெரியவர், கொட்டகைக்குச் சென்று அங்கிருந்த வால்வைத் திறந்தார். யாம் அப்பொழுது சாயத்தொட்டிகளின் அருகில் நின்றோம். கூரைக்கு மேலே ஒரு முழக்கம் கேட்டது. குழாய் தன் தொங்கல்களில் துள்ளியது. இரண்டாம் முழக்கத்தில் வார்ப்பிரும்பு வால்வின் உடல் பிளந்துவிட்டது. கொதிநீரும் ஆவியும் அவருடைய வலக்கையிலும் மார்பிலும் பாய்ந்தன. யாம் ஓடிச்சென்று பெருவால்வை மூடினோம். பிறர் அவரைத் தூக்கி வந்தனர். மூன்று மாதம் ஆஸ்பத்திரியிற் கிடந்தார். உயிருக்கு மோசமில்லை, ஆயினும் வலக்கை விரல்கள் மூன்று மடங்கியவாறே நின்றுவிட்டன.

ஆங்கிலேயர் ‘வாட்டர் ஹாமர்’ என்று வழங்குவதை யாம் நீர்ச்சம்மட்டி என்போம். அது தோன்றும் விதம் இரண்டு. குழாயிற் செல்லும் ஆவி வினாடிக்கு 25 முதல் 35 மீட்டர் வரை ஓடும். அதாவது மணிக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டிய வேகம். அடியிற் படிந்த நீரின்மேல் அவ்வேகத்தோடு ஆவி செல்லுங்கால் அலையெழும்புகின்றது. அலை வளர்ந்து குழாயின் வாயை அடைத்துக்கொண்டதும், பின்னிருந்து தள்ளும் ஆவி அந்நீர்க்கட்டியைப் பீரங்கிக் குண்டுபோலச் செலுத்துகின்றது. வளைவிலோ மூடிய வால்விலோ சென்று அது மோதும். ஆவி அமுங்கிக் கொடுக்கும்; நீர் அமுங்காது. இஃது ஒரு விதம். மற்றொன்று இன்னும் நுட்பமானது. ஆறிய நீரினிடையே ஆவியின் பை ஒன்று அகப்பட்டுக்கொள்ளுமாயின், அது நொடியில் நீராகிச் சுருங்கிவிடுகின்றது. காற்றழுத்தத்தில் ஒரு பங்கு நீர் கொள்ளும் இடத்தைப்போல் 1,600 மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை ஆவி கொள்ளுமாதலின், சுருங்கியவிடத்து வெற்றிடமே மிஞ்சும். அவ்வெற்றிடத்தை நிரப்ப நாற்புறமிருந்தும் நீர் பாய்ந்து தன்மேல் தானே மோதிக்கொள்ளும். இவ்விரண்டாம் விதத்தில் வால்வை எவ்வளவு மெல்லத் திறந்தாலும் பயனில்லை. ஆறிய நீர் அங்கு நிற்பதே அபாயம்.

விசாரணை நடந்தது. ‘வால்வை விரைந்து திறந்தமையே விபத்திற்குக் காரணம், கொதிகலக் காவலரின் கவனக்குறைவு’ என்று எழுதி முடித்தனர். அவர் வேலையும், சான்றிதழும், வரவேண்டிய ஈட்டுத்தொகையும் அவ்வொரு வரியைப் பற்றி நின்றன. காலைதோறும் அவர் வால்வு திறக்கக் கண்டவர்களாதலின் எமக்கு அவ்வரி ஒப்பவில்லை. ஒப்பவில்லை என்று மட்டும் சொன்னால் யார் கேட்பர்? கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர்க்குழலை இரவல் வாங்கிக்கொண்டு, ஓய்வு நாட்களில் ஏணியேறிக் கிளைக்குழாய் முழுவதையும் அளந்தோம்.

கண்டவை இவை. கிளை பிரியுமிடத்தில், பெருங்குழாயின் முதுகிலிருந்து எடுக்கவேண்டிய குழாயை வயிற்றிலிருந்து எடுத்திருந்தனர். பெருங்குழாயின் அடியில் ஓடும் நீரெல்லாம் நேரே கிளைக்குள் இறங்கும். பாதையைக் கடக்க மேலேறுமிடத்தின் அடியில் நீர் வடிய ஒரு வழியுமில்லை. மேலேறும் குழாயில் ஆவி ஒருபுறமும் நீர் அதற்கெதிர்ப்புறமுமாகச் செல்ல முயன்று, நீரே தோற்று அங்கு நிற்கும். கொட்டகைக்குள் ஆவி செல்லும் திசையிலேயே நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் சாய்ந்திருக்கவேண்டிய குழாய், தொங்கல்களின் உயரம் ஒவ்வாமையால் நடுவில் மூன்றங்குலம் தொய்ந்து, வால்வை நெருங்குமிடத்து மீண்டும் மேலே ஏறியிருந்தது. வர்ணத்தின் பொலிவில் அத்தொய்வு எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை.

மேலாளர் படத்தைப் பார்த்தார், தலையசைத்தார், ‘இதனால் என்ன நிரூபணமாகிறது?’ என்றார். அதற்கு யாம் வேண்டியது ஓர் ஓய்வு நாளும், ஒரு துளைக்கருவியும், இரண்டு வாளியுமே. உடைந்த வால்வுக்குப் பதில் வேறொன்றைப் பொருத்திக் கிளைக்குழாய் ஒருவாரம் ஓடியிருந்தது. ஓய்வு நாளிற் கொதிகலம் அணைந்து, குழாய் நன்றாய் ஆறி, அழுத்தம் சிறிதுமில்லையென்று உறுதிசெய்துகொண்ட பின்னர், மேலாளரையும் கணக்கரையும் உடன் அழைத்துச் சென்று, தொய்வின் மிகத் தாழ்ந்த இடத்தில் விரற்கடையளவு ஒரு துளை இட்டோம். நீர் பீறிட்டு வந்தது. முதல் வாளி நிறைந்தது; இரண்டாவதும் நிறைந்தது; மூன்றாவது வாளிக்குக் கணக்கர் ஓடினார். வால்வைத் திறந்தவர் கைவேகத்தைப் பற்றி அதன்பின் எவரும் பேசவில்லை. விசாரணைக் குறிப்பின் அவ்வரி மாற்றி எழுதப்பெற்றது. ஈட்டுத்தொகையும் வந்தது, காலந்தாழ்த்தியே வந்தது.

இஃது ஏதோ ஒரு சிற்றூர் ஆலையின் அசிரத்தையால் நேர்ந்ததென்று கருதவேண்டா. நியூயார்க் மாநகரில் 1882 முதல் தெருவடியிற் குழாய்கள் வழியே ஆவியைக் கட்டடங்களுக்கு விற்றுவருகின்றனர். 2007-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் மாலை, லெக்சிங்டன் வீதியும் 41-ஆம் தெருவும் கூடுமிடத்தில், 1924-இல் இடப்பெற்ற பெருங்குழாய் ஒன்று வெடித்துத் தெருவையே பிளந்தது. ஆவியும் சேறும் அருகிலிருந்த வானளாவிய மாளிகைகளின் உயரத்திற்கு எழும்பின. ஒருவர் உயிர் நீத்தார்; பலர் காயமுற்றனர். ஆராய்ந்தவர்கள் கண்ட காரணம் யாதெனில், அன்று பெய்த பெருமழையின் நீர் குழாயைச் சூழ்ந்து குளிர்வித்தமையால் உள்ளே மிகுதியாக நீர் சேர்ந்தது; அந்நீரை வெளியேற்றவேண்டிய கருவிகளோ, அருகில் ஓர் ஒழுக்கை அடைக்கச் செலுத்திய பசை உள்ளே புகுந்து உறைந்தமையால் அடைபட்டுக் கிடந்தன. யாம் மேலே கூறிய இரண்டாம் விதத்துச் சம்மட்டியே அக்குழாயை உடைத்தது. ஒரு மாநகரின் தெருவைப் பிளக்கத் தக்கது நம் கொட்டகை வால்வை உடைத்ததில் வியப்பென்ன இருக்கின்றது?

அவ்வெளியேற்றும் கருவியைத் தொழிலாளர் ‘டிராப்பு’ என்பர். வாய்க்காலின் மடையைக் காக்கும் மடையனைப்போல் அது குழாயின் வாயிலில் நிற்கின்றது. நீரைப் போகவிடும், காற்றைப் போகவிடும், ஆவியைத் தடுத்துவிடும். இதனைப் பலவகையாற் செய்வர். எமக்கு மிகவும் பிடித்தது கவிழ்த்த வாளி வகை. ஓர் இரும்புக் கூட்டினுள் நீர் நிற்கும். அதனுள் ஒரு சிறு வாளி கவிழ்ந்தவாறு நெம்புகோலில் தொங்கும். ஆவி வாளியின் கீழ்ப் புகுந்தால் வாளி மிதந்தெழுந்து வாயை மூடும்; நீர் வந்தால் வாளி அமிழ்ந்து வாயைத் திறக்கும். காற்று அடைபடாதிருக்க வாளியின் தலையில் ஊசித்துளை ஒன்றுண்டு. மின்சாரம் வேண்டா; ஆள் வேண்டா. மிதவைப் பந்துள்ள வகையொன்று உண்டு. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் பந்தை அறிந்தவர்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. தகடு மட்டுமே அசையும் வகை, சிறியதாயினும் வலியது; பெருங்குழாய்களுக்கு ஏற்றது. உஷ்ணத்தால் விரிந்து சுருங்கும் துருத்தியுள்ள வகை காற்றை வெளியேற்றுவதில் வல்லது.

டிராப்பை வாங்கிப் பொருத்திவிட்டால் முடிந்ததென்று எண்ணுபவர் பலர். பெருங்குழாயின் அடியில் அரையங்குலத் துளையிட்டு அதில் டிராப்பைத் தொங்கவிடுவர். வேகமாக ஓடும் நீர் அச்சிறு துளையைத் தாண்டிப் போய்விடும். நாலங்குலக் குழாயாயின் நாலங்குல வாயுள்ள பை ஒன்றையே கீழ்நோக்கி அமைக்கவேண்டும். நீர் அதில் விழுந்தபின் அதன் பக்கத்திலிருந்து டிராப்புக்குச் செல்லவேண்டும். பையின் அடியில் துருவும் மண்ணும் படிய இடம் வேண்டும். இத்தகைய பைகளை முப்பது முதல் ஐம்பது மீட்டருக்கு ஒன்றாகவும், குழாய் மேலேறும் இடங்களின் அடியிலும், மூடிக்கிடக்கும் வால்வுகளுக்கு முன்னும் அமைத்தோம். பெரிய குழாயைச் சிறியதோடு இணைக்கும் கூம்புத் துண்டை, அடிப்பக்கம் மட்டமாயிருக்குமாறு மாற்றினோம்; இருபுறமும் ஒத்துக் கூம்பினால் அதன் அடியே ஒரு குளமாகிவிடும். ஆறு உருளைகளுக்கு ஒரே டிராப்பு என்று சிக்கனம் செய்திருந்ததையும் ஒழித்தோம். அழுத்தம் மிகுந்த உருளையின் நீர் அழுத்தம் குறைந்த உருளையின் வழியை மறித்துக்கொண்டு, ஓர் உருளை காயவும் மற்றொன்று ஆறிக் கிடக்கவும் கண்டோம்.

ஆவியைக் கட்டுப்படுத்தும் வால்வாலும் ஒரு தொல்லையுண்டு. சாயத்தொட்டி வேண்டிய சூட்டை அடைந்ததும் வால்வு தானே ஒடுங்கும். உள்ளே சுருளிலுள்ள எஞ்சிய ஆவி நீராகி அழுத்தம் விழும். சிலபோது வெளிக்காற்றின் அழுத்தத்திற்கும் கீழே இறங்கும். அப்பொழுது நீரை வெளியே தள்ளுவார் யார்? டிராப்புத் திறந்தே இருந்தும் நீர் சுருளில் நின்றுவிடும். மீண்டும் வால்வு திறக்கையிற் சுருள் அதிரும். வெளிக்காற்றை உள்ளே விடும் ஒரு சிறு வால்வும், நீர் தன் பாரத்தாலேயே இறங்கிப்போகும் சரிவும் இருந்தால் இத்தொல்லை இல்லை. நீரை மேல்நோக்கி ஏற்றும் குழாயை அச்சுருளுடன் இணைப்பவர், தொட்டி அதிர்கிறதென்று பின்னர் முறையிடலாகாது.

இத்தனைக்கும் முதலாளியார் எங்ஙனம் பணம் ஒதுக்கினார் என்பதை மறைப்பதிற் பயனில்லை. பெரியவரின் கையைக் காட்டிக் கேட்டபோது ஒரு வடிகுழாய்க்கே உத்தரவு கிடைத்தது. விறகுக் கணக்கைக் காட்டிய பின்னரே மற்றவை கிடைத்தன. வாய் மூடாது பழுதுற்ற டிராப்பில் மூன்று மில்லிமீட்டர்த் துளையளவு திறந்திருந்தால், 7 கிலோ அழுத்தத்தில் மணிக்கு இருபது கிலோவுக்குக் குறையாத ஆவி வீணாகும். வடிந்த வெந்நீரைச் சாக்கடையில் விடாமற் கொதிகலத் தொட்டிக்கே திருப்பினால், தொட்டி நீர் 6 டிகிரி சூடேறுந்தோறும் எரிபொருளில் நூற்றுக்கு ஒரு பங்கு மிச்சமாகும். இக்கணக்கைக் கண்டதும் முதலாளியாரின் முகம் மலர்ந்தது. யாம் அதனைக் குறைகூறவில்லை. ஆயினும் மூன்று விரல்களால் ஆகாதது மூன்று வண்டி விறகால் ஆயிற்றே என்னும் எண்ணம் எம் மனத்தை விட்டு இன்றளவும் நீங்கவில்லை.

டிராப்புகளைச் சோதிப்பதில் ஒரு மயக்கமுண்டு, அதனைச் சொல்லிவிடுவோம். டிராப்பின் வாயில் வெண்புகை எழுந்தாலே ஆவி வீணாகிறதென்று கூச்சலிடுவர். 7 கிலோ அழுத்தத்தில் 170 டிகிரிச் சூட்டிலுள்ள நீர் வெளிக்காற்றுக்கு வந்ததும், அதில் நூற்றுக்குச் சுமார் 13 பங்கு தானே மீண்டும் ஆவியாகிவிடும். அது டிராப்பின் குற்றமன்று. அவ்வாவி சோம்பலாய் விரிந்து மேலெழும். டிராப்புப் பழுதுற்று உயிராவி வருமாயின், வாயிலிருந்து சில அங்குலம்வரை ஒன்றும் தெரியாது; அதற்கப்பாலேதான் வெண்மை தோன்றும்; இரைச்சலும் இடைவிடாது.

பெரியவர் திரும்பி வந்தபோது அவரைக் கொதிகலத்தில் வைக்க மேலாளர் துணியவில்லை. வால்வின் சக்கரத்தைப் பற்ற அவர் கையாலும் இயலவில்லை. பண்டசாலையில் உட்கார வைத்தனர். சான்றிதழை மட்டும் கழற்றிக்கொண்டுவந்து தம் மேசைக்கு மேலே மாட்டிக்கொண்டார். ஆயினும் காலை ஏழு மணிக்குத் தவறாமல் ஒரு நீண்ட திருப்புளியை எடுத்துக்கொண்டு குழாயோரமாக நடப்பார். திருப்புளியின் முனையை டிராப்பின்மேல் வைத்து, பிடியைக் காதோடு அணைத்துக் கேட்பார். தகட்டு டிராப்பு நல்லதாயின் ‘டிக்’கென்று மூடி, சிறிது நேரம் மௌனமாயிருந்து, மீண்டும் திறக்கும். ஒரு நாள் கொட்டகை வால்வுக்கு முன்னிருந்த டிராப்பண்டை நெடுநேரம் நின்று, எமக்கு ஆள் விட்டனுப்பினார். யாமும் காதை வைத்துக் கேட்டோம். எமக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “மூடறதுக்குள்ள ஒருக்கா இழுத்துக்குதுங்க தம்பி, கேளுங்க” என்றார். வால்வுகளை அடைத்து, ஆறவிட்டு, டிராப்பின் மூடியைத் திருகிப் பார்த்தோம். தகட்டின் விளிம்பில், ஒட்டவைத்த குழாயினின்று பெயர்ந்து வந்த இரும்புச் சிம்பு ஒன்று, எள்ளளவே இருக்கும், குறுக்காகப் படிந்திருந்தது.